வீடு திருத்தும்போது வயரிங், சுவிச் இடம் மாற்றுதல்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீட்டில் அறை கூட்டுகிறவர்கள், குசினியைப் பின்பக்கம் தள்ளுகிறவர்கள், விறாந்தையை அடைத்து ஹோல் ஆக்குகிறவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் மேசனோடும் தச்சரோடும் முதலில் பேசி முடித்துவிடுகிறார்கள். வயரிங் செய்பவரைக் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள். அவர் வரும்போது சுவர் பூசி முடிந்திருக்கும், குடிபூரலுக்கு நாளும் குறித்திருப்பார்கள். அந்த அவசரத்தில் நடக்கிற வேலைதான் பிறகு சூடேறும் பிளக்காகவும், கறண்ட் கசிந்தால் வெட்டிவிடும் ரிப் சுவிச் மழைக்கு விழுவதாகவும் வந்து நிற்கிறது. வயரிங் செய்பவர் மேசனுக்கு முன்னமே வீட்டைச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை ஒட்டியவைதான்.

சுவிச்சை இரண்டு அடி அங்கால் வைக்கவேணும். சின்ன வேலைதானே?

ஒரு லைற்றுக்கு ஒரு சுவிச் என்றால் சின்ன வேலைதான். அந்தச் சுவிச்சுக்குள் இரண்டே வயர் இருக்கும். ஒன்று லைனை, அதாவது வரும் கறண்டைக் கொண்டு வரும், மற்றது பல்புக்குப் போகும். கறண்ட் திரும்பிப் போகும் வயரான நியூற்றல் நேரே பல்புக்குப் போய்விடும். ஆனால் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஒரு தட்டில் நாலைந்து சுவிச் இருக்கும். ஒரே லைனை ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொழுவிக்கொண்டே போயிருப்பார்கள். அதே லைன் சுவருக்கு மறுபக்கத்து அறைக்கும் போகலாம். அதனால் தட்டைக் கழற்றியதும் எந்த வயர் எங்கே போகிறதென்று பார்த்து, துண்டுத் தாளில் எழுதி வயரிலேயே ஒட்டிவைத்த பிறகுதான் வெட்டவேண்டும்.

அடுத்த பிரச்சினை வயரின் நீளம். இரண்டு அடி தள்ளினால் பழைய வயர் எட்டாது. அப்போது வழக்கமாக நடப்பது என்ன? வயரை முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றி, மேலே சீமெந்து பூசிவிடுவது. இதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். சுவருக்குள் ரேப்பின் பசை காய்ந்து இளகும், முறுக்கும் மெல்ல மெல்லத் தளரும். தளர்ந்த இடத்தில் கறண்ட் ஓடும்போது சூடு பிறக்கும், அந்தச் சூட்டில் அது இன்னும் தளரும். கடைசியில் பெயின்ற்றின் மேல் பழுப்பாக ஒரு திட்டுத் தெரியும்போது உள்ளே வயரின் பிளாஸ்ரிக் கருகியிருக்கும். சரியான வழி, புதுப் பைப்பில் முழுநீள வயரைப் புதிதாக இழுப்பது. அது முடியாவிட்டால் பழைய சுவிச் பெட்டியை அப்படியே விட்டு, அதற்குள் திருகாணி உள்ள கொனெக்ரர் போட்டு இணைத்து, மேலே வெறும் தட்டொன்றைப் பூட்டுங்கள். பார்க்க அழகில்லைத்தான். ஆனால் நாளைக்கு ஒருவர் அந்த இணைப்பைத் திறந்து பார்க்கலாம்.

வேலையின் எந்தக் கட்டத்தில் இடங்களை முடிவு செய்யவேணும்?

கல் கட்டி முடிந்து, கதவு நிலை வைத்த பிறகு, பூசுவதற்கு முன். நிலை வைக்குமுன் குறித்தால் கதவு திறந்து மறைக்கிற பக்கத்தில் சுவிச் போய் மாட்டிக்கொள்ளும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று தச்சரிடம் கேட்டுவிட்டு, கைபிடிப் பக்கத்தில் குறியுங்கள். கட்டில் எங்கே வரும், அலுமாரி எங்கே நிற்கும், ரி.வி. எந்தச் சுவரில் என்று கரித்துண்டால் சுவரிலேயே எழுதிவிட்டு, இரவில் ரோர்ச் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து கட்டில் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். கை தானாகப் போய்த் தடவுகிற இடம்தான் சுவிச்சுக்கு உரிய இடம். படுக்கையறைக்கும் நீண்ட விறாந்தைக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் நிறுத்தக்கூடிய ரூ-வே சுவிச் வேண்டுமா என்பதையும் அப்போதே சொல்லுங்கள். இரண்டு சுவிச்சுக்கும் இடையில் கூடுதலாக வயர் ஓடவேண்டும், பூசிய பிறகு அது முடியாது.

மேல்மாடி எடுக்கிறீர்கள் என்றால் இன்னும் முன்னதாகவே யோசிக்கவேண்டும். பிளாற்றுக்குக் கம்பி கட்டியதும், கொங்கிறீற் போடுமுன் பைப்பும் ஃபான் கொழுக்கிப் பெட்டியும் உள்ளே இருக்கவேண்டும். தேவைக்கு மேல் இரண்டு வெறும் பைப் போட்டு, இழுகம்பியும் விட்டுவையுங்கள்.

பூச்சுக்காரர் வருமுன் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பழைய பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். இல்லாவிட்டால் சீமெந்துச் சாந்து பெட்டிக்குள்ளும் பைப்புக்குள்ளும் போய் இறுகிவிடும்.

எங்களுடையது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கல்வீடு. சுவரை வெட்டிப் பைப் புதைக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். அந்தக் காலத்து நாற்சார் வீடுகளின் சுவர் தடிப்பானது, உள்ளே ஒழுங்கில்லாத சுண்ணாம்புக் கற்கள். கிரைண்டர் பிடித்தால் காடி (பைப்புக்கு வெட்டும் பள்ளம்) நேராக வராது. உளி வைத்து அடித்தால் அடித்த இடத்தோடு நிற்காமல் பக்கத்துப் பூச்சும் பாளம் பாளமாகக் கழரும். பழைய சாந்தைத் தோண்டிய இடத்தில் சீமெந்தை அப்பினால் அது பழைய சுவரோடு ஒட்டாமல் கோடாக வெடித்து நிற்கும்.

இப்படிப்பட்ட வீட்டில் வயரைச் சுவருக்கு வெளியே, மூடியுள்ள பி.வி.சி. கேசிங்கில் ஓடவிடுவதுதான் நல்லது. முன்னோர் மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து வயர் ஓடவிட்டதும் இதே முறைதான். கேசிங்கைத் தீராந்தியின் பக்கவாட்டிலும் நிலையின் ஓரத்திலும் கொண்டுபோனால் கண்ணுக்கு உறுத்தாது. பனைமர வளையிலோ தீராந்தியிலோ காடி மட்டும் வெட்டவேண்டாம். பழைய மரச்சட்டத்துக்குள் றப்பர் உறை போட்ட வயர் இருந்தால் அதை இடம் மாற்றி நீட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம். அந்த றப்பர் தொட்டாலே உதிரும். முழுவதையும் மாற்றுங்கள்.

சீமெந்துக் கல் சுவரில் எவ்வளவு ஆழம் வெட்டலாம்?

மேலிருந்து கீழாக வெட்டும் காடி சுவரின் தடிப்பில் மூன்றில் ஒன்றையும், கிடையாக வெட்டும் காடி ஆறில் ஒன்றையும் தாண்டக்கூடாது. ஆறு அங்குலச் சுவரென்றால் நிலைக்குத்தாக இரண்டு அங்குலம், கிடையாக ஒரு அங்குலம். நாலு அங்குலச் சுவரில் கிடையாக முக்கால் அங்குலம்கூடக் கிடைக்காது, 20 மில்லிமீற்றர் பைப்பே அதற்குள் அடங்காது. ஆகவே மெல்லிய சுவரில் கிடையாக ஓடாமல் மேலேறி, சீலிங்குக்கு மேலால் போய், வேண்டிய இடத்தில் இறங்குங்கள். ஒரே இடத்தில் சுவரின் இரு பக்கமும் எதிரெதிராகப் பெட்டி புதைப்பதும் கூடாது.

குறுக்குவழியென்று மூலைவிட்டமாக மட்டும் வெட்டாதீர்கள். சுவிச்சிலிருந்து நேர் மேலே அல்லது நேர் பக்கத்துக்குத்தான் வயர் போகும் என்று நம்பித்தான் பிற்காலத்தில் ஒருவர் படம் மாட்ட ஆணி அடிப்பார்.

மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டால் பயமில்லாமல் கை வைக்கலாமா?

முன்பு அப்படிச் சொல்லலாம். இப்போது முடியாது. 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது எத்தனையோ வீடுகள் பற்றரியும் இன்வேட்டரும் வாங்கின. மெயின் விழுந்ததும் அந்த இன்வேட்டர் தானாக எழும்பி, சில லைற்றுக்கும் ஃபானுக்கும் 230 வோல்ற்றைக் கொடுக்கத் தொடங்கும். மெயினை நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் சுவிச்சைக் கழற்றுகிறவரின் கையில் அது பாயும். ஆகவே இன்வேட்டரையும் அணைத்து, பற்றரியையும் கழற்றுங்கள். கூரையில் சோலார் இருந்தால், சோலார் தட்டிலிருந்து இன்வேட்டர் வரை வரும் வயரில் பகல் முழுக்க மின் இருக்கும், அதை வெட்டவோ இழுக்கவோ கூடாது. ஜெனரேற்றர் இருந்தால் அதை யாரும் இயக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருகாணிமுனை ரெஸ்ரர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பவேண்டாம். வோல்ற் அளக்கும் மீற்றர் வைத்து லைன், நியூற்றல், நிலத்தோடு சேரும் எர்த் மூன்றுக்கும் இடையில் பார்க்கவேண்டும். அந்த மீற்றர் வேலை செய்கிறதா என்று முதலில் மின் உள்ள இடமொன்றில் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பிளக் பொயின்ற் ஒன்றைக் கழற்றி வேறு சுவரில் வைத்தோம். எல்லாம் வேலை செய்கிறது. பிறகென்ன?

வேலை செய்கிறது என்பது போதாது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 13 அம்பியர் பிளக்குகளைப் பல வீடுகளில் வளையமாக இணைத்திருப்பார்கள். சுமை மிஞ்சினால் தானாக விழும் 32 அம்பியர் பிரேக்கரிலிருந்து ஒரு 7/0.67 வயர் புறப்பட்டு, ஒவ்வொரு பிளக்காகத் தொட்டு, கடைசியில் அதே பிரேக்கருக்குத் திரும்பி வரும். ஒவ்வொரு பிளக்குக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் கறண்ட் வருவதால் சுமை பிரிந்து போகும். 7/0.67 என்பது 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழை சேர்ந்த 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். அது தனி ஒரு வயராக, சுவருக்குள் பைப்பில், 32 அம்பியரைத் தாங்காது. ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள பங்குனி சித்திரை வெக்கையில் இன்னும் குறைவாகத்தான் தாங்கும்.

இப்போது நடுவில் ஒரு பிளக்கைக் கழற்றி, அங்கு வந்த வயர்களை ஒன்றோடொன்று இணைக்காமல் விட்டால் வளையம் அறுந்துவிடும். ஆனால் வீட்டில் எதுவும் நிற்காது. மீதிப் பிளக்குகளுக்கு ஏதோ ஒரு பக்கத்தால் கறண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். கேத்தல், ரைஸ் குக்கர், மைக்ரோவேவ் மூன்றும் ஒரே பக்கத்தில் ஒன்றாக ஓடும் நாளில், வயர் தாங்கக்கூடியதற்கு மேல் கறண்ட் போகும். 32 அம்பியர் பிரேக்கரோ தன் எல்லைக்குள்தான் இருப்பதாக நினைத்து விழாமல் நிற்கும்.

ஆகவே பிளக் இடம் மாறினால் வளையமும் புது இடத்துக்குப் போய்த் திரும்பவேண்டும். வேலை முடிந்ததும், பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. பெட்டியில் வளையத்தின் இரு முனைகளையும் கழற்றி, லைனுக்கு லைன், நியூற்றலுக்கு நியூற்றல், எர்த்துக்கு எர்த் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வளையம் இனிச் சாத்தியமில்லை என்றால் 20 அம்பியர் பிரேக்கர் போட்டு இரண்டு தனி வரிசையாகப் பிரிக்கலாம். அதுவும் நல்ல வேலைதான்.

எந்த இடத்துக்கு எந்த வயர்?

லைற்றுக்கும் ஃபானுக்கும் 1/1.13, அதாவது ஒரு சதுர மில்லிமீற்றர். பிளக்குக்கு 7/0.67. சுடுதண்ணீர் ஷவர், பெரிய ஏ.சி. போன்றவற்றுக்குத் தனி பிரேக்கரிலிருந்து 7/0.85, அது நாலு சதுர மில்லிமீற்றர். மெயினிலிருந்து டி.பி. பெட்டிக்கு 7/1.04 அல்லது அதற்கு மேல், தூரத்தையும் சுமையையும் பொறுத்து. வயரில் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரச்சான்று) இலச்சினை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

பழைய வயர் சிவப்பும் கறுப்பும், புது வயர் மண்ணிறமும் நீலமும். ஒன்றோடொன்று கொழுவலாமா?

கொழுவலாம், ஆனால் அடையாளம் வைக்கவேண்டும். பழைய முறையில் சிவப்பு லைன், கறுப்பு நியூற்றல், பச்சை எர்த். புது முறையில் மண்ணிறம் லைன், நீலம் நியூற்றல், பச்சை-மஞ்சள் எர்த். மூன்று பேஸ் எடுத்த வீட்டில்தான் ஆபத்து அதிகம். அங்கே புது முறைப்படி கறுப்பும் ஒரு லைன். பழையவரின் கணக்கில் நியூற்றலாக இருந்த நிறம் புதியவரின் கணக்கில் ஆளைக் கொல்லும் நிறம். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் டி.பி. பெட்டியின் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பழைய அறைகளில் எர்த் வயரே இல்லை. பக்கத்திலுள்ள தண்ணிப் பைப்பில் கொழுவலாமா?

கூடாது. இன்றைக்குப் பைப் எல்லாம் பி.வி.சி. நிலத்தோடு எந்தத் தொடர்பும் இருக்காது. எர்த்தையும் நியூற்றலையும் பிளக்குக்குள்ளேயே சேர்த்துவிடுவது இதைவிட மோசம். நியூற்றல் எங்காவது கழன்ற அன்றைக்கு ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க லைன் வந்து நிற்கும்.

டி.பி. பெட்டியிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் எர்த் வயர் போகவேண்டும். வெளியே, அந்த எர்த்தை நிலத்தோடு சேர்க்கும் எர்த் கூர் இறக்கவேண்டும். வலிகாமத்தில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டியதுமே சுண்ணாம்புப் பாறை தட்டும், கூர் இறங்காது. அதற்காகக் கூரைப் பாதியில் வெட்டிவிட்டுப் போகவிடாதீர்கள். மண் ஆழமாக உள்ள வேறு இடம் தேடலாம், அல்லது பள்ளம் தோண்டிச் செப்புத் தகடு புதைக்கலாம். கிணற்றடி, வாழைப் பாத்திப் பக்கம் மண் ஈரமாக இருக்கும் என்பதால் பலரும் அங்கே வைப்பார்கள், நல்லதுதான். எர்த் நிலத்தோடு நன்றாகச் சேர்கிறதா என்று அளவெடுப்பது மட்டும் கோடையில் இருக்கட்டும். மாரியில் ஈரமண் எல்லாவற்றையும் நல்லதாகவே காட்டும்.

வேலை முடிந்ததிலிருந்து ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது. கழற்றிவிடலாமா?

கழற்றவே கூடாது. ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே வெட்டிவிடுவதற்காக வைத்தது. வீட்டில் உயிரைக் காக்கும் கருவி அதுதான். அது விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது அல்லது எங்கோ இணைப்புப் பிழை.

இடம் மாற்றிய வீடுகளில் முதலில் பார்க்கவேண்டியது நியூற்றல். புது லைற்றுக்கு லைனை ஒரு சேர்கிற்றிலிருந்தும், கிட்ட இருக்கிறதென்று நியூற்றலை இன்னொன்றிலிருந்தும் எடுத்திருந்தால், இரண்டு ரிப் சுவிச் உள்ள வீட்டில் அந்த லைற்றைப் போட்டதுமே விழும். அடுத்தது, பெட்டிக்குள் நியூற்றல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருப்பது, அல்லது தட்டின் திருகாணி வயரைக் குத்தியிருப்பது. புதுப் பூச்சின் ஈரமும் ஒரு காரணம். ஐப்பசி கார்த்திகை மழையில் பூசிய சுவர் காயச் சுணங்கும். அதுபோக முற்றத்து லைற், மதில் லைற், கிணற்று மோட்டர் மூன்றையும் தனித்தனியே கழற்றிப் பாருங்கள். கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்று சுவிச்சின் பித்தளையைப் பச்சை பிடிக்கவைக்கும். எறும்பும் பல்லியும் எல்லா ஊருக்கும் பொது.

இன்னொன்று. ஒருவர் ஒரு கையால் லைனையும் மறு கையால் நியூற்றலையும் பிடித்தால், நிலத்துக்குக் கசிவில்லாதவரை ரிப் சுவிச்சுக்கு அது தெரியாது. அது இருக்கிறதென்ற துணிவில் கை வைக்கவேண்டாம். அதிலுள்ள ரெஸ்ற் பொத்தானை ஒன்றிரண்டு மாதத்துக்கொருமுறை அமத்திப் பாருங்கள்.

சுவிச்சும் பிளக்கும் எந்த உயரத்தில்?

சுவிச் நிலத்திலிருந்து நாலு அடி. பழைய வீடுகளில் ஐந்தடிக்கு மேலே இருக்கும், பிள்ளைகளுக்கும் எட்டாது, சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மம்மாவுக்கும் எட்டாது. பிளக் ஒன்றரை அடி. மாரியில் வெள்ளம் ஏறும் தாழ்ந்த காணியென்றால் முன்பு தண்ணி நின்ற அடையாளத்தைப் பார்த்து அதற்கு மேலே வையுங்கள், அழகைப் பிறகு பார்க்கலாம்.

குசினியில் மேடைக்கு மேலே அரை அடியாவது விடுங்கள். அடுப்புக்கு நேர் மேலும், தண்ணித் தொட்டிக்கு நேர் மேலும் வேண்டாம். குளியலறைக்குள் பிளக்கே வேண்டாம், லைற் சுவிச்சைக் கதவுக்கு வெளியே வையுங்கள். சுடுதண்ணீர் ஷவர் 4.5 கிலோவாற் என்றால் ஏறத்தாழ 20 அம்பியர் எடுக்கும். உங்கள் இணைப்பே 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் என்றால், மோட்டரும் அயன்பெட்டியும் ஓடும்போது அதைப் போடமுடியாது. வாங்குமுன் இதை யோசியுங்கள்.

பழைய உருண்டை முள் பிளக்கையும் மாற்றவேணுமா?

சுவர் திறந்திருக்கும்போதே 13 அம்பியர் சதுர முள்ளுக்கு மாறிவிடுங்கள். இப்போது நாட்டின் தரம் அதுதான். அதன் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருப்பது பெரிய நன்மை. லண்டனிலிருந்து வருகிறவர்களின் சாமானும் அப்படியே பொருந்தும். கனடாவிலிருந்து கொண்டுவரும் 120 வோல்ற் சாமானுக்கு அடப்ரர் மட்டும் போதாது, முள் பொருந்தினாலும் வோல்ற் பொருந்தாது.

மீற்றரையும் நாங்களே நகர்த்தலாமா?

இல்லை. மீற்றரும் அதுவரை வரும் வயரும் மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. முத்திரையில் கை வைப்பது குற்றம். அவர்களின் உங்கள் பகுதி அலுவலகத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டினால் அவர்கள் வந்து மாற்றுவார்கள். சுவர் இடிக்கும் நாளுக்கு நன்றாக முன்னதாகவே விண்ணப்பியுங்கள். மேசன் காத்திருக்கமாட்டார். தெருத் தூணிலிருந்து வரும் வயர் புதுக் கூரைக்குக் கிட்ட வந்தாலும் அங்கேதான் சொல்லவேண்டும்.

நாங்கள் வெளிநாட்டில். சித்தப்பாதான் நின்று பார்க்கிறார். எதைக் கேட்டு வாங்கவேணும்?

படம். பைப்பும் வயரும் போட்டு, பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரியும்படி போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிலத்திலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று அதில் தெரியவேண்டும். பத்து வருடம் கழித்து ஏ.சி. பூட்ட வருபவருக்கு அதைவிட உதவி கிடையாது. எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று தமிழில் எழுதிய பட்டியல் டி.பி. பெட்டிக்குள் ஒட்டியிருக்கவேண்டும்.

பிறகு 500 வோல்ற் மெகரில் (வயரின் உறையால் கறண்ட் கசிகிறதா என்று பார்க்கும் கருவி) எடுத்த அளவுகள். லைனுக்கும் எர்த்துக்கும், நியூற்றலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு மெகஓமுக்குக் குறைந்தால் அந்த வயரிங்கை ஏற்கவேண்டாம். புது வயர் அதைவிட எத்தனையோ மடங்கு காட்டும். மெகர் போடுமுன் எல்.ஈ.டி. பல்புகளையும் இலத்திரனியல் சாமான்களையும் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவை பழுதாகும்.

வேலைக்கு யாரைப் பிடிப்பது?

என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் உள்ளவரா என்று கேட்பதில் கூச்சப்படவேண்டாம். யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியிலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள ஜேர்மன் பயிற்சி நிலையத்திலும் முறையாகப் படித்த பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அனுபவம் மட்டும் உள்ள நல்ல தொழிலாளர்களும் இருக்கிறார்கள். மெகர் இருக்கிறதா, வளையத்தைச் சோதித்துக் காட்டுவீர்களா என்று இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். பொயின்ற் கணக்கில் கூலி பேசும்போது சோதனைக்கும் சேர்த்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் அது நடக்காது.

கழற்றிய பழைய வயரை அப்படியே விடலாமா?

வேண்டாம். இரு முனையும் இழுத்தெடுக்கக்கூடியதை எடுத்துவிடுங்கள், செம்புக்கு விலையும் உண்டு. சுவருக்குள் இறுகியதை டி.பி. பெட்டிப் பக்கத்திலேயே கழற்றி, முனையை மூடி, 'பாவனையில் இல்லை' என்று எழுதிக் கட்டுங்கள். சீலிங்குக்கு மேலே ஒரு முனை பிரேக்கரோடு தொடுத்தபடி திறந்து கிடக்க, வீட்டில் குடியேறிவிடாதீர்கள்.